பெரியவனின் சுருதி

1

இன்று காலை என் பாஸ்போர்ட்டில் தங்கும் அனுமதித் தாளை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டுட்கார்ட் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்த அம்மாள் தாளை ஒட்டி, குமிழி விழாமல் உள்ளங்கையால் தேய்த்து, என்னிடம் நீட்டினார். "இனி நீங்கள் தாராளமாக ஊருக்குப் போய்வரலாம்" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம். கோடை முழுக்க அவர் கதவை நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவருக்கும் இது ஒரு விடுதலைதான்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஊரில் ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. இப்போது போனால் அம்மாவைப் பார்க்கலாம், தங்கையைப் பார்க்கலாம், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று வண்டிகளை வேடிக்கை பார்க்கலாம். எதற்காகப் போகத் துடித்தேனோ அது மட்டும் அங்கே இருக்காது.

அது ஒரு பாத்திரம். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிற பெரிய செம்புப் பாத்திரம், தேக்சா என்பார்களே, அது. சிரிக்க வேண்டாம். மூன்று பேர் இருந்த எங்கள் பேண்டில் அந்தத் தேக்சாதான் நான்காவது ஆள்.

2

எங்கள் பேண்டின் பெயர் 'தாம்பரம் ஸ்லோ'. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், வருத்தம் இல்லை. தாம்பரத்திலேயே கேள்விப்பட்டவர்கள் குறைவு. பீச் ஸ்டேஷனிலிருந்து எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று வந்து சேரும் மின்சார வண்டியை மனதில் வைத்து ஜெரோம் வைத்த பெயர்.

ஜெரோம்தான் பாடகன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல். நசீர் பேஸ் கிதார். நான் கிதார், பாட்டு எழுதுவதும் நான்தான். மூவரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சு. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. அப்போது சென்னையில் பேண்ட் என்றால் இரண்டே வகை. நகரத்துக் கல்லூரிப் பையன்கள் இங்கிலீஷ் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடுவார்கள். இல்லையென்றால் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, அதையும் தமிழில் பாடுவது என்றால் "ஏன், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்பார்கள். வேறு வேலை இல்லைதான். அதுதான் எங்கள் பலம்.

வாசிக்க இடம் இல்லை. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஆம்ப்ளிஃபயரைச் சொருகினாலே வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வருவார். ஜெரோமின் அப்பா பள்ளி ஆசிரியர், எந்நேரமும் பரீட்சைத் தாள் திருத்துவார். மிஞ்சியது முடிச்சூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்த நசீரின் அத்தாவுடைய பாத்திர வாடகைக் கடை. முன்னால் சின்னக் கடை, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதில் தேக்சாக்கள், அண்டாக்கள், கரண்டிகள், ஜமுக்காளங்கள். ஊரே அவரைத் தேக்சா பாய் என்றுதான் கூப்பிடும்.

முதல் நாள் நசீர் அடி தந்தியைத் தட்டினான். கொட்டகை முழுக்க ஏதோ ஒன்று 'ம்ம்ம்' என்று இழுத்தது. அவன் தந்தியைக் கையால் அமுக்கிய பிறகும் அது நிற்கவில்லை.

"இன்னாடா சவுண்டு அது?"

"ஆம்ப் அவுட்டா?" என்றேன்.

"நேத்துதாண்டா சர்வீஸ் பண்ணிக்கினு வந்தேன்!"

ஜெரோம் டாக்டர் மாதிரி ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனான். கடைசியில் மூலையில் நின்றான். அங்கே இருந்ததிலேயே பெரிய தேக்சா வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"நசீர், மறுபடி அடி."

அடித்தான்.

"டேய், ரெண்டு பேரும் வாங்க. கைய வெச்சுப் பாருங்க. இவர்தான் பாடறாரு."

கை வைத்தோம். தோலுக்கடியில் ஒரு நடுக்கம் மணிக்கட்டு வரை ஏறியது. பெரியதைத் தொடர்ந்து சின்னத் தேக்சாக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குரலில் மெல்லச் சேர்ந்துகொண்டன. வாசல் பக்கமிருந்து பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, சட்டிக்கு ஜொரம் பாக்குறீங்களா?"

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் பெரியவன். டிரம்ஸ் வாங்குவதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவே இல்லை.

3

இதில் ஒரு சிக்கல் இருந்தது, எங்களுக்கு அது பெருமையாகப்பட்டது. பெரியவன் எந்தச் சுருதியிலும் சேராதவன். கீபோர்டில் அடுத்தடுத்து இரண்டு கட்டைகள் இருக்குமே, அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ அவன் குரல். அவனை ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஆகவே நாங்கள் அவனுக்கு இறங்கினோம். ஒவ்வொரு தடவையும் முதலில் நசீர் அவன் விளிம்பில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவான். அந்த ஒலி அடங்குவதற்குள் கிதார்களைச் சேர்த்துக்கொள்வோம். ஜெரோமும் அங்கிருந்தே எடுப்பான். கீபோர்டு வைத்திருக்கும் எவனும் எங்களோடு சேர முடியாது. வந்து பார்த்த இரண்டு பேர் கால் மணி நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொரு சிக்கல், பெரியவன் எப்போதும் வீட்டில் இருக்க மாட்டான். தையில் கல்யாணத்துக்குப் போவான், வைகாசியில் போவான், ஆவணியில் போவான். நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சப் போவான். அவன் இல்லாத நாளில் கொட்டகையில் வாசித்தால் மூன்று பேர் தனித்தனி அறையில் வாசிப்பது போல இருக்கும். ஆடி மாதம்தான் எங்கள் மாதம். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, சட்டிகள் மொத்தமும் கழுவிக் கவிழ்த்தபடி வீட்டில் இருக்கும். அவற்றை நிமிர்த்தி, வட்டமாக அடுக்கி, நடுவில் நின்று வாசிப்போம். ஆடிக் காற்றில் கூரை தடதடக்கும். உள்ளே நாங்கள் புதுப் பாட்டு போட்டுக்கொண்டிருப்போம். எங்கள் நல்ல பாட்டுகள் எல்லாமே ஆடியில் பிறந்தவை.

"பாத்திரத்துக்கு வலிக்காம வாசிங்கப்பா" என்பார் பாய். அவர் எங்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

4

இங்கே ஸ்டுட்கார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. மற்ற நாட்களிலும் மதியத்தில் கூடாது, இரவில் கூடாது. மாடிப்படியில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான் கிதாரில் ஒரு தந்தியைத் தொட்டாலே கீழ்வீட்டுக் கிழவர் வெந்நீர்க் குழாயை எதனாலோ தட்டுவார். அந்தக் குழாய் எல்லா மாடிக்கும் ஓடுகிறது. அவர் தட்டுவது என் கட்டிலுக்குப் பக்கத்தில் 'டங்' என்று கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒலிக்கு நான் சுருதி சேர்க்கப் பார்த்தேன். பழக்கதோஷம்.

எதிர்வீட்டில் என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மகள் யாழினிக்கு ஐந்து வயது. நாம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஒருநாள் அவளிடம் எங்கள் பேண்டின் போட்டோவைக் கணினியில் காட்டினேன். மூன்று ஒல்லிப் பையன்களும் நிறையச் சட்டிகளும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அவள் அம்மா வற்புறுத்தியதால் தமிழில் கேட்டாள்.

"இவங்க எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்காங்களா, அங்கிள்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது சரி.

5

ஒரே ஒரு பெரிய மேடை ஏறினோம். வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் கலைவிழா. சொந்தப் பாட்டுப் போட்டி. அதற்கு முந்தைய வருஷம் வேறொரு கல்லூரியில் வாசித்து, "என்னப்பா, ரொம்ப ஒல்லியா கேக்குது" என்று நடுவர் சொன்ன அவமானம் நசீருக்கு ஆறவே இல்லை.

"பெரியவன் இல்லாமப் போனா அப்டித்தான் கேக்கும். இந்த வாட்டி அவனையும் இட்டுனு போறோம்."

"எதுல?" என்றான் ஜெரோம்.

"குட்டி யானைலதான். பிளைட்லயா?"

அப்போது புதிதாக வந்திருந்த சின்ன லோடு வண்டிகளுக்கு அதுதான் பெயர். பெரியவனையும் அவன் தம்பிகளையும் ஏற்றினோம். கல்லூரி வாசலில் காவலாளி எங்களைப் பார்க்கவே இல்லை, சட்டிகளைத்தான் பார்த்தார்.

"கேட்டரிங்கா? மெஸ் பின்பக்கம். சுத்தினு போ."

"சார், நாங்க பேண்டு."

"பேண்டு வாத்தியமா? அது நாளைக்குப்பா."

ஒருவழியாக மேடையில் ஏற்றி, வட்டமாக அடுக்கினோம். திறந்தவெளி மைதானம். தூசி விழாமல் இருக்க மூடிகளைப் போட்டு வைத்திருந்தோம், பாட்டு தொடங்கும்போது எடுக்கலாம் என்று. திரை விலகியது. பிறகு பின்வரிசையில் எவனோ தொடங்கினான். "பிரியாணி!" அவ்வளவுதான். "பிரி-யா-ணி! பிரி-யா-ணி!" மைதானமே கைதட்டித் தாளம் போட்டது. எங்கள் வாழ்க்கையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு அது.

ஜெரோம் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தான். தைரியசாலி. ஆனால் பெரியவன் பாடவில்லை. மூடியை எடுத்தோம், நசீர் ஆம்ப்ளிஃபயரை அவனோடு ஒட்டி நகர்த்தினான், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஒலி திறந்த வானத்துக்குப் போய்விட்டது. பாட்டு பாதியில் இருக்கும்போதே ஒரு பையன் மேடை ஏறி, பெரியவனுக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் மைக்கிலேயே அறிவித்தான்.

"மச்சி, காலிடா!"

திரும்பும் வழியில் நசீர் வண்டியின் பின்னால் சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பெரியவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அவன் நசுங்கக் கூடாதாம். கொட்டகையில் இறக்கியதும் கிதாரைச் சொருகி, அதே பாட்டைத் தொடங்கினான். பெரியவன் முதல் தட்டிலேயே எடுத்துக்கொண்டான்.

"அவனுக்குச் சுவரு வேணும்டா" என்றான் ஜெரோம். "மேடை வேணாம். இங்கேயே ரெக்கார்ட் பண்ணுவோம். கேக்கறவன் இங்க வந்து கேக்கட்டும்."

6

ரெக்கார்ட் செய்தோம். அந்த ஆடி முழுக்க, என் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரே ஒரு மைக்கைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, எல்லாப் பாட்டையும் பதிவு செய்தோம். கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம், ஏற்ற இறக்கம் சரிசெய்து சிடி போட்டுத் தர. அதை நடத்தியவர் நல்ல மனிதர். ரொம்ப நல்ல மனிதர். எங்களைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பிங்களா, உங்க ரூம்ல ஏதோ கரண்ட் ஹம் இருக்கு. எல்லாப் பாட்டுலயும் அடியில 'ம்ம்'னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு பாட்டா உக்காந்து, துளி விடாம எடுத்துட்டேன். இப்பக் கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மூன்று பேர் தனித்தனி அறையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிடிகள் எல்லாம் அடித்து முடித்து, அட்டை போட்டு, மேசையில் அடுக்கியிருந்தன. அவர் எங்கள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீர்தான் "சூப்பர் சார்" என்றான்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"பாடுன ஆளையே எடுத்துட்டாருடா" என்றான் நசீர்.

"ஒரிஜினல் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? வேற இடத்துல குடுப்போம்" என்றேன்.

அந்த வருஷ மழைக்கு ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. விடியும்போது எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மா, தங்கை, நான் மூவரும் மொட்டை மாடியில் நின்றிருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் நசீரும் ஜெரோமும் எதையோ தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. பெரியவன். படகு மாதிரி மிதந்து வந்தான். தங்கையை அவனுக்குள் உட்காரவைத்தோம். அவள் மடியில் அம்மாவின் மாத்திரைப் பையும் என் கிதாரும். பாதித் தெரு தாண்டியபோது ஜெரோம் திரும்பிக் கேட்டான்.

"கம்ப்யூட்டர் எங்கடா?"

"மேசைக்குக் கீழ" என்றேன்.

தண்ணீரில் மேசை எந்த மட்டத்தில் இருந்தது என்று மூவருக்கும் தெரியும். நசீர் தேக்சாவைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "அடுத்த ஆடி வரும்ல, மறுபடி பண்ணுவோம்" என்றான்.

அடுத்த ஆடியில் ஜெரோமுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்திருந்தது, ஷிப்ட் முறை. அவன் எழும் நேரத்தில் நசீர் கடையை அடைப்பான். அதற்கு அடுத்த ஆடிக்குள் என் கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பிவிட்டது. அரை வருஷம்தான் என்றார்கள். இன்னொரு அரை வருஷம் என்றார்கள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு என் சம்பளத்தில் ஓடியது, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். நசீரும் ஜெரோமும் வார இறுதிகளில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் சேர்ந்தார்கள். சினிமாப் பாட்டு. ஜெரோம் போனில் சொன்னான்.

"கீபோர்டு சுருதிக்கு ஏத்திக்கிட்டோம்டா. கேக்க நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

7

இந்த வருஷம் சித்திரையில் நசீர் கூப்பிட்டான். அவன் இப்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

"மச்சான், கொட்டாய் போவுது. இடத்துக்காரரு ஃபிளாட் கட்றாரு. அத்தாவுக்கு முட்டி சுத்தமா முடியல. கேட்டரிங்காரங்க எல்லாம் சொந்தமா ஸ்டீலு வாங்கிட்டானுங்க, செம்ப எவனும் கேக்கறதில்ல. ஆடி முடியறதுக்குள்ள காலி பண்ணணும். சட்டிங்கள உருக்கறவன் ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்லிக்கினு கீறான்."

"பெரியவனையுமா?"

"அவன வெச்சுக்க வூட்ல எடம் எங்கடா? வாசக்கால்ல நுழையமாட்டான். கேளு. ஆடி மொத்தமும் அவன் இங்கதான் இருப்பான். நீ ஒரு வாரம் வா. வாசிச்சு ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்குவோம்."

"நான் வர முடியலன்னா நீங்க ரெண்டு பேரும்—"

"மூணு பேரும் வாசிச்சாத்தாண்டா அவன் பாடுவான்."

அடுத்த நாளே இங்கே ஒரு நல்ல மைக் வாங்கினேன். சுவாசம்கூடப் பதிவாகும் என்று கடைக்காரர் சொன்ன மைக். அதைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பெட்டி கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது.

ஆனால் என் அனுமதி முடிந்து புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. கையில் இருந்தது ஒரு இடைக்காலக் காகிதம். அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம். வெளியே போனால் திரும்ப முடியாது. திரும்பாவிட்டால் வேலை இல்லை. அவசரம் என்றால் விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன காரணம்? திருமணமா?"

"இல்லை."

"யாராவது இறந்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்திலும் கடைகளிலும் பேசப் போதுமான ஜெர்மன் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு விளக்கினேன். என் நண்பர்கள் இருக்கிறார்கள், இசை இருக்கிறது, ஒரு சமையல் பாத்திரம் இருக்கிறது, அதை விற்கப் போகிறார்கள்.

"பாத்திரமா?"

"பெரியது. அது பாடும்."

அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்து, கனிவாகச் சொன்னார். "இங்கேயும் நல்ல பாத்திரங்கள் கிடைக்கின்றனவே."

அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். கோப்பு வேறு அறையில் இருக்கிறது என்றார்கள். அந்த அறைக்காரர் கோடை விடுமுறையில் இருந்தார். ஊரில் ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்து, அடித்து, ஓய்ந்துகொண்டிருந்தது.

8

ஆடியின் கடைசி ஞாயிறு. இங்கே காலை, அங்கே மதியம். லாரி வருவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று நசீர் சொல்லியிருந்தான். கணினியிலிருந்து அவன் செல்லுக்குக் கூப்பிட்டேன். அவன் கையில் இருந்தது சைனா செட். கல்யாண மண்டபம் அளவுக்கு ஸ்பீக்கர் அலறும், பஸ்ஸில் யாராவது வைத்திருந்தால் எல்லோரும் திட்டுவார்களே, அந்த ரகம்.

"பிரபு, சேந்து வாசிக்கிறியா?" என்றான் ஜெரோம்.

கிதாரை எடுத்தேன். நான்கு தட்டுகூடப் போகவில்லை. அவர்கள் வாசிப்பது எனக்குத் தாமதமாக வந்தது, நான் வாசிப்பது அவர்களுக்கு இன்னும் தாமதமாகப் போனது. இருவருக்கும் நடுவில் ஒரு முழு வரி தொங்கியது.

"சரி, நீ கேளு. நாங்க வாசிக்கிறோம்."

நசீர் பெரியவனைத் தட்டுவது 'டொக்' என்று கேட்டது. டொக் மட்டும். பிறகு எங்கள் முதல் பாட்டு. "கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு, யாரும் இறங்கலை." ஜெரோமின் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. நன்றாகப் பாடினான். பாட்டு முடிந்தது. முடிந்த பிறகுதான் பெரியவனுடைய நேரம். நாங்கள் நிறுத்திய பிறகும் அவன் இழுத்துக்கொண்டே இருப்பான், அவன் அடங்கும்வரை யாரும் அசைய மாட்டோம். நான் காதை ஸ்பீக்கரோடு வைத்துக் காத்திருந்தேன். தொடர்பு அறுந்தது போல ஒரு சுத்தமான அமைதி.

"கேக்குதாடா?" என்றான் நசீர்.

"பாட்டு கேட்டுது."

"பெரியவன்?"

"இல்ல."

"இரு, கிட்ட எடுத்துனு போறேன்." மறுபடி அடித்தான். "இப்போ?"

"இல்லடா."

எனக்குப் புரிந்துவிட்டது. தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, மனிதக் குரலை மட்டும் அனுப்பும்படி இந்தப் போன்களைச் செய்திருக்கிறார்கள். கோடம்பாக்கத்து நல்ல மனிதர் செய்ததையே இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

"விடு நசீர், போன்ல வராது" என்றான் ஜெரோம்.

"ஏன் வராது? உள்ளயே வெச்சாத் தெரிஞ்சிடும்."

'க்ளங்' என்று ஒரு சத்தம். போனைத் தேக்சாவுக்குள் இறக்கிவிட்டான். அவர்கள் குரல்கள் கிணற்று மேட்டிலிருந்து பேசுவது போலத் தூரமாகிவிட்டன. பேஸ் கிதார் ஒரு தட்டு, இரண்டு தட்டு. எனக்கு ஒன்றும் வரவில்லை.

"நசீர், வேணாம்டா. ஒண்ணும் கேக்கல. எடுத்துடு" என்றேன்.

பிறகு பாயின் குரல்.

"சட்டிக்குள்ள யாருப்பா? பிரபு தம்பியா?"

"டேய்" என்றான் ஜெரோம். "இன்னொரு தடவை பேசு."

"என்ன பேச?"

"ஏதாவது பேசுடா! உன் குரல அவர் புடிச்சுக்கிட்டாரு. சட்டி முழுக்க நீதான் இருக்க!"

"மச்சான், பாடு!" நசீர் கத்தினான். "பாடுறா!"

நான் எப்போதும் பாடியதில்லை. எங்கள் பேண்டில் பாடத் தெரியாதவன் நான் ஒருவன்தான். கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு என்று ஆரம்பித்தேன்.

"எறக்கு" என்றான் ஜெரோம். "இன்னும் கொஞ்சம். ரொம்ப எறங்கிட்ட, ஏறு. இன்னும்... அங்க! அங்கயே நில்லு! நகராத!"

நின்றேன். வார்த்தை இல்லாமல், அந்த ஒரு இடத்தில் குரலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் நசீர் கிதாரைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜெரோமும் பாட ஆரம்பித்திருக்க வேண்டும். "அல்லாவே" என்று பாய் சொன்னது கேட்டது. தம்பித் தேக்சாக்களும் எடுத்துக்கொண்டுவிட்டன என்று யாரோ சொன்னார்கள். மற்றபடி எனக்குக் கேட்டது இந்த அறையில் என் தொண்டை மட்டும். கீழ்வீட்டுக் கிழவர் குழாயைத் தட்டினார். டங். டங். டங். நான் நிறுத்தவில்லை. மூச்சு இருக்கும்வரை நின்றேன். மூச்சு போனதும் உட்கார்ந்துவிட்டேன்.

தூரத்தில் லாரியின் ஹாரன். போனை வெளியே எடுக்கும் உரசல்.

"வண்டி வந்துடுச்சு மச்சான்" என்றான் நசீர். அவனுக்கும் மூச்சு வாங்கியது. "வெக்கட்டா?"

"அவன் இன்னும் பாடுறானா?"

அவன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"இல்லடா. நீ நிறுத்துனதும் அவனும் நிறுத்திட்டான்."